இட்ட சத்து கிணற்றுக்குப் போகாமல் காக்கும் புற்கள்

வலிகாமம் வடக்கில் தோட்டம் செய்த குடும்பங்களுக்குப் பசளையின் அருமையை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1990 யூன் மாதத்தில் மயிலிட்டியையும் அயற் கிராமங்களையும் விட்டு வெளியேறிய எமது மக்கள், யூரியா வடக்கிற்கு வரவிடாது தடுக்கப்பட்டிருந்த போர்க்கால ஆண்டுகளைக் கண்டவர்கள். பின்னர் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு நாடு முழுவதிலும் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியபோதும், 2022இல் ஏறிய விலை சிறு விவசாயியின் கையைக் கட்டிப்போட்டது. ஆக, யூரியா இல்லாத காலத்தையும் பார்த்தோம். இருந்தும் வாங்க முடியாத காலத்தையும் பார்த்தோம்.

ஆனால் யூரியா தாராளமாகக் கிடைத்த காலத்தில் நாம் இட்டதில் எவ்வளவு பயிருக்குப் போயிற்று, எவ்வளவு கிணற்றுக்குப் போயிற்று என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. இட்ட நைதரசனை வீணாக்காமல் பயன்படுத்தும் தீவனப் புற்களை உலகில் எப்படி இனவிருத்தி செய்கிறார்கள், அதில் எமக்கு உதவுவது எது என்பதை இங்கே எளிய முறையில் விளக்க விரும்புகிறோம்.

மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த ஒரு பகுதிக் காணியும் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டன. அதன் பின்னர் வேறு காணிகளும் கட்டம் கட்டமாகக் கைக்கு வந்தன. இன்னமும் தமது காணியைக் காணாது காத்திருக்கும் குடும்பங்களும் உள்ளன. மீளக்குடியேறும் குடும்பத்துக்கு நாளாந்தம் கையிற் காசு தரக்கூடிய சில தொழில்களுள் கறவை மாடு ஒன்று. மாடு என்றால் புல் வேண்டும். புல் என்றால் நைதரசன் வேண்டும். அந்த நைதரசன் எங்கே போய்ச் சேருகிறது என்பதிலேதான் எமது கிணற்றுத் தண்ணீரின் நன்மையும் தீமையும் தங்கியிருக்கின்றன.

நைதரசன் எவ்வாறு நழுவுகிறது?

யூரியாவில் 100 கிலோவுக்கு 46 கிலோ நைதரசன் இருக்கிறது. மண்ணில் இட்டதும் அது சில நாட்களில் அமோனியமாக மாறுகிறது. அமோனியம் நேர் ஏற்றம் உடையது. களித்துகள்கள் எதிர் ஏற்றம் உடையவை. ஆதலால் அமோனியம் மண்ணிலே ஒட்டிக்கொண்டு, வேர் வந்து எடுக்கும்வரை காத்திருக்கும்.

ஆனால் மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் இந்த அமோனியத்தை உண்டு வாழ்பவை. இவை அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. நைத்திரேற்று எதிர் ஏற்றம் உடையது. அது மண்ணில் ஒட்டாது. தண்ணீரோடு தண்ணீராகக் கீழே இறங்கும். அமோனியத்தைக் கட்டையில் கட்டிய மாடு என்றால், நைத்திரேற்றைக் கயிறு அறுத்த மாடு எனலாம். உலகில் இடப்படும் நைதரசன் பசளையிற் பாதிக்கும் குறைவான பங்கையே பயிர்கள் எடுத்துக்கொள்கின்றன என்பது பொதுவான கணிப்பு.

இன்னொரு வழியாகவும் நைதரசன் போகிறது. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணின் மேல் யூரியாவைத் தூவி அப்படியே விட்டால், ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றிற் கலந்துவிடும். மாட்டுக்கொட்டிலில் மூக்கைத் துளைக்கும் நெடியும் அதே அமோனியாதான். அந்த நெடி வீசும் இடமெல்லாம் எமது காசு காற்றிற் போகிறது என்று கொள்ளலாம்.

சுண்ணக்கல்லின் மேல் வாழும் நாம்

மயிலிட்டி என்றதும் கடலும் துறைமுகமும் நினைவுக்கு வரும். ஆனால் மயிலிட்டி தெற்கு, கட்டுவன், குரும்பசிட்டி, வசாவிளான் என்று உள்ளே போகப்போக, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைந்த செம்மண் தோட்டங்கள். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். பெய்கிற மழை இந்த வெடிப்புகள் வழியாக இறங்கி நிலத்தடி நீராகிறது. குடிப்பதும் அதுதான், இறைப்பதும் அதுதான். எமக்கு ஆறு இல்லை.

மண் வடிகட்டிக் கொடுக்கும் என்ற நம்பிக்கை சுண்ணக்கல் நாட்டில் முழுவதும் பொருந்தாது. யாழ் குடாநாட்டில், செறிவாகத் தோட்டம் செய்யப்படும் இடங்களின் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் எடுத்துக்காட்டி வந்துள்ளன. இதற்குத் தோட்டப் பசளை ஒரு காரணம். மலசலகூடக் குழிகளும் எருக் கிடங்குகளும் வேறு காரணங்கள். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சிய தண்ணீரைப் புட்டிப்பாலுக்குச் சேர்த்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் தன்மையை இழக்கும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து உண்டாகலாம்.

இங்கே தாய்மார் அறிய வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். எனவே கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்று நீரைச் சோதிப்பித்து அறிவதே வழி. இதுபற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்திலோ விசாரியுங்கள்.

புல் இனவிருத்தியில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் 1950களில் கம்பையும் யானைப்புல்லையும் (நேப்பியர்) இணைத்துக் கலப்பினம் உண்டாக்கும் வேலை தொடங்கிற்று. யானைப்புல் பல்லாண்டு நிற்கும், விளைச்சலும் கூட. ஆனால் தண்டு முரடு. கம்பு மென்மையானது; மாடு விரும்பித் தின்னும். ஆனால் அது ஒரு பருவப் பயிர். இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே தூரிற் பெறுவதே நோக்கம். அந்த வழியில் வந்தவையே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘கோ’ வரிசைப் புற்கள். கோ 3 1990களிலும், கோ 4 2008இலும், கோ 5 2012இலும் வெளிவந்தன. இவற்றுள் கோ 3 இலங்கைக்கு வந்து, பாற்பண்ணையாளர் மத்தியில் நன்கு பரவியது. எமது பகுதியிலும் இந்தப் பெயரைப் பலர் அறிவர்.

கம்பின் நிறமூர்த்தங்கள் 14, யானைப்புல்லினது 28. இணைந்து பிறந்த பிள்ளைக்கு 21. இது ஒற்றை எண்ணில் நிற்பதால் சோடி சேராது. முளைக்கும் விதை உண்டாகாது. அதனால்தான் இப்புல்லைத் தடி வெட்டி நடுகிறோம். இது குறைபோலத் தோன்றினாலும், இடம்பெயர்ந்தோருக்கு ஒரு நன்மை உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

இப்புற்கள் வெயிலை நன்கு பயன்படுத்துபவை. சோளம், கரும்பு, கம்பு ஆகியவற்றின் இலைக்குள் காபனீரொட்சைட்டைச் செறிவாக்கிக் கொடுக்கும் ஒரு தனி ஏற்பாடு உண்டு. இவற்றுக்கும் அது உண்டு. அதனால் ஒவ்வொரு கிராம் நைதரசனுக்கும் கூடுதலான புல்லைத் தரும். ஆயினும் ‘கோ’ வரிசைப் புற்களைத் தெரிந்தெடுத்தபோது விளைச்சல், மென்மை, புரதம் ஆகியவையே முன்னின்றன. தண்ணீரும் பசளையும் தாராளமாகக் கொடுத்த வயலில் தெரிந்தெடுக்கப்பட்ட புல், அவை தட்டுப்பாடான வயலிலும் முதலிடம் பெறும் என்று சொல்ல முடியாது. நிறைய உண்டு நிறையத் தருவது ஒரு குணம். கொஞ்சம் உண்டு நிறையத் தருவது வேறு குணம். இந்த இரண்டாவது குணத்தைத் தேடுவதே புதிய இனவிருத்தி.

அதற்கு ஆய்வாளர்கள் இரு விடயங்களை அளக்கிறார்கள். ஒன்று, மண்ணிலுள்ள நைதரசனில் எவ்வளவை வேர் எடுத்துக்கொண்டது என்பது. மற்றது, எடுத்த நைதரசனைக் கொண்டு எவ்வளவு புல்லை உண்டாக்கியது என்பது. ஆழமான, ஆண்டு முழுவதும் உயிரோடு நிற்கும் வேர் முதலாவதற்கு உதவும். பழுக்கும் இலையிலிருந்து நைதரசனை மீட்டுப் புதுத் தளிருக்கு அனுப்பும் திறன் இரண்டாவதற்கு உதவும்.

பற்றீரியாவின் கையைக் கட்டும் வேர்

நைத்திரேற்று உண்டான பின் அதைத் துரத்திப் பிடிப்பதைவிட, உண்டாகாமலே தடுத்தால் என்ன? இதனைச் சில புற்கள் தாமாகவே செய்கின்றன.

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பிரக்கியாரியாப் புற்கள் தென் அமெரிக்காவின் மேய்ச்சல் தரைகளில் மிகப் பெரும் பரப்பில் வளர்க்கப்படுகின்றன. அவற்றுள் கியூமிடிக்கோலா என்ற இனம் பசளையே இல்லாத தரையிலும் ஆண்டுக்கணக்கில் பச்சையாக நின்றது. யப்பானின் சர்வதேச விவசாய விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சுப்பாராவும், கொலம்பியாவிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிலையத்தைச் சேர்ந்தோரும் சேர்ந்து இதன் காரணத்தைத் தேடினர். அப்புல்லின் வேரிலிருந்து கசியும் ஒரு பொருள், அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாவின் வேலையை நிறுத்துவதைக் கண்டனர். 2009இல் அப்பொருளைப் பிரித்தெடுத்து அதற்குப் பிரக்கியாலக்ரோன் எனப் பெயரிட்டனர். கொலம்பிய வயலில் இப்புல் வளர்ந்த மண்ணில், மூன்று ஆண்டுகளுக்குள், அமோனியம் மாற்றமடையும் வேகம் பெருமளவு குறைந்திருந்தது.

இதனை அளக்க அவர்கள் கையாண்ட முறை எளிதில் விளங்கக்கூடியது. அந்தப் பற்றீரியாவை, தொழிற்படும்போது ஒளி வீசும்படி மாற்றி அமைத்தார்கள். வேர்க் கசிவை அதன்மேல் இட்டதும் ஒளி மங்கினால், அந்த வேரில் தடுக்கும் சக்தி உண்டு. எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு சக்தி. இவ்வாறு பல தூர்களைச் சோதித்து, சிறந்த தாயையும் தந்தையையும் தெரிந்தெடுக்கலாம்.

தெரிந்தெடுத்தாலும் இணைப்பது இலகுவாக இருக்கவில்லை. பிரக்கியாரியாவின் பெரும்பாலான வகைகள் மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் கலப்பு இன்றியே விதை தருபவை. அந்த விதை தாயின் அச்சுப் பிரதி. பிள்ளையில் மாற்றம் இல்லையென்றால் தெரிவும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் கொல்சிசின் என்னும் பொருளைக் கொண்டு ரூசிசியென்சிஸ் என்ற இனத்தின் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கினர். எமது வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூவின் கிழங்கில் உள்ள நஞ்சும் இதே கொல்சிசின்தான். இரட்டிப்பான அந்தத் தாய் மற்ற இனங்களோடு கலக்கக்கூடியதாயிற்று. அதன் வழியில் கொலம்பிய நிலையம் 1988இல் தொடங்கிய இனவிருத்தியிலிருந்து ‘முலாட்டோ’, ‘முலாட்டோ 2’ என்ற கலப்பினங்கள் 2000ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்தன. கியூமிடிக்கோலாவின் தடுக்கும் சக்தியை நல்ல தீவனப் புல்லிற் கொண்டுவருவது அந்த வேலையின் தொடர்ச்சியாகும். 2021இல் இதே சக்தியை ஒரு காட்டுப் புல்லிலிருந்து கோதுமைக்கு மாற்றிய செய்தியும் வெளிவந்தது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். கியூமிடிக்கோலா ஈரமான, புளிப்புத் தன்மையுள்ள மண்ணுக்கு ஏற்ற புல். சுண்ணாம்பும் கோடை வறட்சியும் உள்ள மயிலிட்டி மண்ணுக்கு அதனைச் சிபாரிசு செய்ய முடியாது. ஆனால் கினிப்புல்லிலும் இந்தத் தடுக்கும் சக்தி உண்டு என்றும், அது வகைக்கு வகை வேறுபடுகிறது என்றும் 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. கினிப்புல் இலங்கைக்கு வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வேலியோரத்திலும் வெறுங்காணியிலும் அது தானாக வளர்வதை நாம் பார்க்கிறோம். எமக்குப் பொருத்தமான புல்லைத் தேடுவோர் அங்கிருந்தும் தொடங்கலாம்.

மாட்டின் வயிற்றிலும் இழப்பு உண்டு

புல்லுக்குள் போன நைதரசன் முழுவதும் பாலாக வருவதில்லை. மாடு தின்ற நைதரசனில் ஏறத்தாழக் காற்பங்கு பாலுக்குப் போகும். மீதியிற் பெரும்பகுதி சாணத்திலும் சலத்திலும் வெளியேறும். புல்லில் உள்ள புரதம் வயிற்றில் விரைவாக உடைந்து அமோனியாவாகிறது. அதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்களுக்கு அதே நேரத்தில் சர்க்கரையும் மாப்பொருளும் கிடைக்காவிட்டால், அமோனியா ஈரலுக்குப் போய் யூரியாவாகிச் சலத்தோடு கழியும்.

பிரித்தானியாவில் வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித் நகரிலுள்ள ஆய்வு நிலையம், சர்க்கரை கூடிய றைப் புல் வகைகளை இனவிருத்தி செய்ததன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. அந்தப் புல் எமது வெப்பத்திற்கு உதவாது. ஆனால் அதன் பாடம் உதவும். சீமைக்கிளுவை (கிளிரிசிடியா), இபில் இபில், அகத்தி போன்ற புரதம் கூடிய குழையை மட்டும் அள்ளிப் போட்டால் அதன் சத்துச் சலத்தோடு போய்விடும். புல்லோடும் தவிட்டோடும் சேர்த்து, நாளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பாலாக வரும். தீவனத்தில் நான்கில் ஒரு பங்கு குழை போதும்.

ஒரு மாட்டின் கணக்கு

உத்தேசமாக ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பச்சைப்புல் கொடுக்கிறோம் என்று கொள்வோம். அதில் உலர் நிறை ஏறத்தாழ 5 கிலோ. உலர் நிறையிற் பத்தில் ஒரு பங்கு புரதம் என்றால், நைதரசன் 80 கிராம். இதில் 20 கிராம் பாலுக்குப் போனால், 60 கிராம் சாணத்திலும் சலத்திலும் வெளிவரும்.

ஓர் ஆண்டுக்கு அது ஏறத்தாழ 22 கிலோ நைதரசன். யூரியாவிற் சொன்னால் 48 கிலோ. அதாவது ஒரு மாட்டின் கொட்டிலிலிருந்து, புல்லின் கணக்கில் மட்டும், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மூடை யூரியா வெளியேறுகிறது. பாதியை மீட்டாலும் அரை மூடை மிச்சம். சலத்தை நிலத்தில் ஊறவிட்டுச் சாணத்தை மட்டும் அள்ளுகிறவர் இதிற் பெரும்பகுதியை இழக்கிறார். அது கொட்டிலுக்குப் பக்கத்திலுள்ள கிணற்றுக்குப் போகிறது.

இனிக் காணியின் கணக்கு. நன்றாகத் தண்ணீரும் பசளையும் கொடுத்த கோ 3, கோ 4 புற்களின் விளைச்சல் ஆய்வுப் பண்ணைகளில் ஹெக்டேயருக்கு ஆண்டொன்றில் 300 தொன்னைத் தாண்டும். எமது தோட்டத்தில் அதன் பாதியே கிடைத்தாலும், ஒரு மாட்டுக்கு இரண்டரைப் பரப்புப் போதும். இரண்டு கணுவுள்ள தடிகளை 60 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால், ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 840 தடிகள் வேண்டும். முதல் வெட்டு இரண்டரை மாதத்தில்; அதன்பின் ஆறு, ஏழு வாரத்துக்கொரு தடவை.

அந்த இரண்டரைப் பரப்புப் புல் ஆண்டுக்கு எடுக்கும் நைதரசன் 29 கிலோ அளவில் வரும். மாடு திருப்பித் தரக்கூடியது 22 கிலோ. எஞ்சிய 7 கிலோவை வேலிக் குழையாலும் சிறிதளவு யூரியாவாலும் ஈடுசெய்யலாம். சீமைக்கிளுவையின் பச்சைக் குழை 100 கிலோவில் ஏறத்தாழ 800 கிராம் நைதரசன் உண்டு. குழை தாழ்ப்பதும், பனையோலை தாழ்ப்பதும், பட்டி அடைப்பதும் எமது முன்னோர் கண்ட வழிகள். அந்த அறிவுக்கு இன்றைய விஞ்ஞானம் ஒரு கணக்கைச் சேர்த்துத் தருகிறது.

செய்ய வேண்டியவை

கொட்டில் நிலத்தைச் சீமெந்தால் அல்லது இறுக்கிய களியால் மூடி, சலம் ஒரு சிறு தொட்டியில் வடியும்படி சாய்வு கொடுங்கள். சலத்துக்கு ஐந்து, ஆறு மடங்கு தண்ணீர் சேர்த்து, வெட்டிய புல்லின் அடியில் மாலைவேளையில் ஊற்றி மண்ணால் மூடுங்கள்.

எருவைக் கிடங்கு வெட்டி அதற்குள் போடாதீர்கள். கிடங்கின் அடி சுண்ணக்கல்லுக்குக் கிட்ட வந்துவிடும். நிலத்தின் மேல் குவித்து, வைக்கலும் இலை சருகும் கலந்து, கிடுகால் மூடுங்கள். குவியல் கிணற்றிலிருந்து 100 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும்.

யூரியா இடுவதானால் ஒவ்வொரு வெட்டின் பின்னும் தூர் தளிர்விடத் தொடங்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக இடுங்கள். மேலே தூவாமல் சிறு வாய்க்காலிட்டு மூடி, அளவாகத் தண்ணீர் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குச் சற்று முன்னர் இடவே வேண்டாம். அந்த மழையில் இட்டது கிணற்றுக்கு இட்டது போலாகும்.

திரும்பிய காணியில் முதல் மாரி

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பற்றை மூடிக் கிடந்த காணியின் மண்ணில் இலையும் வேரும் மக்கிச் சேர்ந்த சத்து இருக்கிறது. வெட்டித் துப்புரவாக்கி உழுததும் அந்தச் சத்து விரைவாக உடையத் தொடங்கும். முதல் மாரியில் பயிர் இல்லாமல் வெறும் தரையாக விட்டால், முப்பது ஆண்டுச் சேமிப்பு ஒரே மழையில் நைத்திரேற்றாகிக் கீழே போகும். பற்றையைக் குவித்து எரித்தாலும் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும்.

ஆகவே கண்ணிவெடி அகற்றிப் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்ட காணியில், முதல் மழைக்கு முன் புல்லோ வேறு பயிரோ வேரூன்றி இருக்கட்டும். வெட்டிய இலை குழையை நிலத்திலே பரப்புங்கள். முதல் ஆண்டில் யூரியாவுக்குச் செலவழிக்க அவசரப்படவேண்டாம். பயிர் வெளிறுகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். கொலம்பியாவில் கியூமிடிக்கோலாப் புல்தரையை உழுது சோளம் விதைத்தபோது, நைத்திரேற்று உண்டாவதை மட்டுப்படுத்தும் தன்மை அந்த மண்ணில் தொடர்ந்து நின்று சோளத்துக்கு உதவியதைக் கண்டார்கள். எந்தப் புல்லாயினும், சில ஆண்டுகள் நின்ற தரையில் வெங்காயம் வைக்கும்போது பசளையைக் குறைத்துத் தொடங்கலாம்.

காணி இன்னும் கிடைக்காதவர்களுக்கு

உறவினர் காணியிலோ வாடகைக் காணியிலோ இருப்பவர் பல்லாண்டுப் புல் நடத் தயங்குவது இயல்பு. நட்டவர் போய்விட்டால் புல் யாருக்கு என்ற கேள்வி வரும். இங்கேதான் முன்னர் சொன்ன நன்மை இருக்கிறது. கோ 3 விதையால் அல்ல, தடியால் வளர்கிறது. ஒரு தூரிலிருந்து பல தடிகள் வெட்டலாம். காணி கிடைக்கும் நாளில் ஒரு கட்டுத் தடியை எடுத்துக்கொண்டு போனால், அதே புல் மயிலிட்டியிலும் வளரும். காணிக்காரரிடம் இதனை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். நிழலற்ற வேலியோரம், நீர் ஓடும் வாய்க்கால் கரை என்று கால் பரப்பு இருந்தாலும் தாய்த்தூரைப் பேணலாம். வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியாலும் அவ்வாறே.

நாமே செய்யக்கூடிய தெரிவு

இனவிருத்தியிற் பாதி வேலை தெரிவுதான். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கிராமத்தில் மூன்று, நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் செய்யலாம்.

கோ 3, யானைப்புல், உங்கள் வேலியோரத்தில் வறட்சியிலும் பச்சையாக நிற்கும் கினிப்புல் என்று மூன்று வகையை எடுங்கள். ஒவ்வொன்றையும் 10 அடிக்கு 10 அடிப் பாத்திகள் இரண்டில் நடுங்கள். ஒரு பாத்திக்கு எரு இடுங்கள். மற்றதற்கு ஒன்றும் வேண்டாம். தண்ணீர் இரண்டுக்கும் ஒரே அளவு. ஒரே நாளில், ஒரே உயரத்தில் வெட்டி நிறுத்து எழுதுங்கள். பச்சை நிறை ஏமாற்றும். ஆதலால் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவை வெயிலில் நன்கு காயவைத்து அதையும் நிறுங்கள். இப்படி நான்கு வெட்டுகள் செய்யுங்கள்.

உதாரணமாக, ஒரு வகை எருவோடு 40 கிலோவும் எருவின்றி 15 கிலோவும் தருகிறது என்று வையுங்கள். இன்னொரு வகை எருவோடு 32, எருவின்றி 24 தருகிறது. பசளை தாராளமாக உள்ளவருக்கு முதலாவது நல்லது. பசளைக்குக் காசில்லாத குடும்பத்துக்கு இரண்டாவதே நல்லது. கடைக்காரரோ பெரிய பண்ணைக்காரரோ இந்த விடையைத் தரமாட்டார். உங்கள் பாத்திதான் தரும். நற்தடிகள் பற்றிக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்திற் கேளுங்கள். உங்கள் கணக்கையும் அவர்களிடம் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை

நைத்திரேற்று கிணற்றை மட்டுமன்றி மாட்டையும் தாக்கும். நிறைய யூரியா இட்ட புல் வறட்சியில் வாடி நின்று, மழை கண்டதும் திடீரெனத் தளிர்க்கும்போது, தண்டில் நைத்திரேற்று சேர்ந்திருக்கும். பசித்த மாடு அதை வயிறு நிறையத் தின்றால் மூச்சு வாங்கும், தள்ளாடும், குருதி கபில நிறமாகும். சில மணி நேரத்தில் இறக்கவும் கூடும். அவ்வாறான புல்லைச் சில நாள் விட்டு வெட்டுங்கள். நைத்திரேற்று அடித்தண்டிலேதான் கூடுதலாக இருப்பதால் சற்று உயர்த்தி வெட்டுங்கள். முதலில் வைக்கல் கொடுத்து, பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லைக் கொடுங்கள். அறிகுறி கண்டால் உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

நினைவில் வைக்க

1. நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது. சுண்ணக்கல் நாட்டில் அது கிணற்றுக்குப் போகும்.
2. கொட்டிலின் சலமும் சாணமும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மூடை யூரியாவுக்குச் சமம்.
3. மாரியில் தோட்டத்தை வெறும் தரையாக விடாதீர்கள். அடைமழைக்கு முன் யூரியா இடாதீர்கள்.
4. புல்லைத் தெரியும்போது பசளை இட்ட பாத்தியை மட்டும் பார்க்காதீர்கள். இடாத பாத்தியையும் பாருங்கள்.
5. கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள்.

வீடும் வளவும் கைவிட்டுப் போன காலத்தில் எமது கிணறுகளைப் பார்க்க எவரும் இருக்கவில்லை. இப்போது சில கிணறுகள் இறைக்கப்பட்டு மீண்டும் ஊறத் தொடங்கியுள்ளன. மற்றவை தமது குடும்பங்களுக்காகக் காத்திருக்கின்றன. அயலவர் எல்லோருக்கும் நிலத்தடி நீர் ஒன்றே. ஒரு வீட்டுக் கொட்டிலிற் சிந்தும் சலம் அடுத்த வீட்டுக் குழந்தையின் தண்ணீரிற் சேரும்; ஒரு வீட்டுப் புல் பிடித்து வைக்கும் சத்து எல்லோருடைய கிணற்றையும் காக்கும். எனவே இதனைத் தனியாக அல்ல, அயலாகக் கூடிப் பேசித் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.